ஈயச் சொம்பில் தொடங்கி பித்தளை வரை: உலோக வேலையும் வார்ப்பும் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் ரசம் வைக்க ஓர் ஈயச் சொம்பு இருந்தது. புளித்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் யாரோ வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அடிப்பாகம் உருகி, பர்னரின் மேல் வெள்ளி போலப் பளபளத்து ஓடியது. வீட்டில் எல்லோரும் சொம்பு போய்விட்டதே என்று வருந்த, எனக்கு அந்த ஓட்டம் மட்டும்தான் கண்ணில் நின்றது. உலோகம் இவ்வளவு எளிதாக உருகுமா?

உருகும். ஈயச் சொம்பு உண்மையில் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் ரசம் கொதித்தாலும் சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வார்ப்பு பழக விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடமும் இந்த வெள்ளீயம்தான். வெண்கலச் சிலையோடு தொடங்க வேண்டாம்.

வார்ப்பு என்றதும் எல்லோர் கண்ணும் நெருப்பின் பக்கம்தான் போகிறது. ஆனால் உருகிய உலோகத்தை ஊற்றுவது சில விநாடி வேலை. அது நன்றாக வருமா வராதா என்பது அச்சு செய்யும்போதும் அதை உலர்த்தும்போதும் ஏற்கெனவே முடிவாகிவிடுகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அச்சையும் ஈரத்தையும் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுவேன். காரணம் அதுதான்.

முதலில் சூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளீயம் 232 டிகிரி, காரீயம் 327, துத்தநாகம் 420, அலுமினியம் 660. பித்தளை அதன் கலவையைப் பொறுத்து 900-ஐ ஒட்டி உருகும். வெள்ளி 961, தங்கம் 1064, செம்பு 1085. இந்த வரிசையைத்தான் நான் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சமையலறை அடுப்புச் சூட்டில் வெள்ளீயம், சிறிய உலையில் அலுமினியம், நல்ல உலையில் பித்தளை. ஒரு படியில் நான்கைந்து வார்ப்பாவது ஒழுங்காக வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

பட்டியலில் காரீயம் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். அது உடம்பில் சேரும் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்கு இடமே கூடாது. சிக்கல் என்னவென்றால், பழைய ஈயப் பாத்திரங்களிலும் சாதாரண சால்டரிங் கம்பியிலும் காரீயம் கலந்திருக்கலாம். ஆகவே சுத்தமான வெள்ளீயம் என்று பில்லோடு தரும் கடையில் வாங்குங்கள். இரண்டு சின்னச் சோதனைகளும் உண்டு. சுத்தமான வெள்ளீயத் துண்டைக் காதருகே வளைத்தால் மெல்லிய நொறுங்கும் சத்தம் கேட்கும். காரீயம் வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கறுப்புக் கோடு போடும். ஆனால் இவற்றை நம்பி மட்டும் வாங்கக் கூடாது, கலப்படம் கொஞ்சமாக இருந்தால் இரண்டும் ஏமாற்றிவிடும்.

ஈரம்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் சிக்கினால், அது ஒரே நொடியில் ஆவியாகி மேலே இருக்கும் உலோகத்தைத் தூக்கி வீசும். என் இரண்டாவது வார்ப்பில் அச்சு காய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு ஊற்றினேன். பட்டென்று ஒரு சத்தம். பட்டாணி அளவு உலோகத்துளி என் தோளைத் தாண்டிப் போய்ச் சுவரில் ஒட்டியது. முகத்தில் கவசம் இருந்தது, அதனால் இதை எழுதுகிறேன்.

ஆகவே சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே கூடாது. வெளியில், மழை இல்லாத நாளில் வேலை செய்யுங்கள். சிமெண்டுத் தரையில் நேரடியாக ஊற்றும் வேலை வேண்டாம், சிமெண்டுக்குள் ஈரம் உண்டு, சூடு பட்டால் வெடித்துச் சிதறும். ஒரு பெரிய இரும்புத் தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வையுங்கள். உருகிக்கொண்டிருக்கும் உலோகத்தில் போடும் துண்டையும், கிளறும் கரண்டியையும், பிடிக்கும் கொறடையும்கூட முதலில் சூடுகாட்டிய பிறகே உள்ளே விடுங்கள். தீயணைக்கப் பக்கத்தில் வைக்க வேண்டியது ஒரு வாளி காய்ந்த மணல், தண்ணீர் இல்லை.

உடை: முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், மூடிய தோல் ஷூ. பேன்ட் ஷூவின் மேல் விழ வேண்டும், ஷூவுக்குள் செருகினால் துளி உள்ளே இறங்கிவிடும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், வேண்டவே வேண்டாம். துப்பட்டா, லுங்கி, தொங்கும் முந்தானை எதுவும் கூடாது. முகக் கவசமும் தோல் கையுறையும் கட்டாயம்.

படி 1: ஒரு செம்புத் தகடும் சுத்தியலும்

நேராக உருக்கத்தான் ஆசையாக இருக்கும். ஆனாலும் ஒரு வாரம் தகடு தட்டுங்கள். வார்த்த பொருள் எதுவும் அச்சிலிருந்து முழுதாக வெளிவராது. அதை அரத்தால் ராவி, தட்டி, தேய்த்துத்தான் முடிக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் இங்கேதான் வரும்.

0.8 மி.மீ. தடிப்புள்ள செம்புத் தகட்டில் 10 செ.மீ. வட்டம் வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். ஒரு கட்டையில் ஆழமற்ற குழி தோண்டி, அதன்மேல் தகட்டை வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். மந்தமாக இருந்த ஒலி கணீரென்று கூர்மையாகும், தகடு அடிக்கு இணங்காமல் எதிர்த்துத் துள்ளும். உலோகம் இறுகிவிட்டது என்று பொருள். இதற்குமேல் தட்டினால் விரிசல்தான்.

இப்போது அதைத் தீ உமிழும் கேஸ் டார்ச்சால், மங்கலான வெளிச்சத்தில், இலேசான செந்நிறம் தெரியும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி இளகிவிடும். எஃகை இப்படித் தண்ணீரில் போட்டால் கடினமாகும், செம்பு நேர்மாறு. மேலே படிந்த கருமையைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும், வீட்டில் குத்துவிளக்கு துலக்குவதுபோல. தட்டு, சுடு, துலக்கு என்று ஐந்தாறு சுற்று போனால் ஒரு சிறு கிண்ணம் கையில் இருக்கும். கோணலாக வந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணவாய் ஓட்டில் வெள்ளீயம்

முதல் வார்ப்புக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அச்சு இல்லை. கடற்கரையில் வெள்ளையாக, படகு வடிவில் கிடக்குமே, லவ் பேர்ட்ஸ் கூண்டில்கூடத் தொங்கவிடுவார்கள், அதுதான் கணவாய் ஓடு. ஒரு பக்கம் கடினம், மறுபக்கம் நகத்தால் கீறினாலே பொடியாகும் அளவுக்கு மென்மை. அந்த மென்மையான பக்கத்தில் எதை அழுத்தினாலும் அப்படியே பதியும். சூட்டையும் தாங்கும், வெள்ளியையும் தங்கத்தையும்கூட இதில் வார்க்கலாம்.

அகலமான, தடித்த ஓடாகப் பாருங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நான்கைந்து நாள் வெயிலில் காயவையுங்கள். பிறகு குறுக்கே அறுத்து இரண்டு துண்டாக்கி, மென்பக்கங்கள் இரண்டையும் சமமான பலகையில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் தேய்த்துத் தட்டையாக்குங்கள். சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தூசு பறக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மாதிரி. ஒரு கிளிஞ்சலோ, தடித்த பொத்தானோ, புளியங்கொட்டையோ போதும். வாய் குறுகி உள்ளே விரியும் இடுக்குகள் இல்லாத, கடினமான பொருளாக இருக்க வேண்டும். அதை ஒரு துண்டில் பாதி ஆழம் மெதுவாக அழுத்துங்கள். மூலைகளில் இரண்டு மூன்று சிறிய தீக்குச்சித் துண்டுகளைப் பாதி வெளியே நிற்கும்படி செருகுங்கள், இரண்டு பாதியும் பிறகு அதே இடத்தில் சேர அவைதான் அடையாளம். மறு துண்டை மேலே வைத்து, இரு உள்ளங்கைகளுக்கு இடையே சீராக அழுத்துங்கள். திறந்து மாதிரியை எடுத்தால் உள்ளே அதன் குழி இருக்கும்.

இனி, மேல் விளிம்பிலிருந்து குழிவரை புனல் வடிவில் ஊற்றுவாய் வெட்டுங்கள். சுண்டுவிரல் நுழையும் அகலம் மேலே, குழியைத் தொடும் இடத்தில் 4 அல்லது 5 மி.மீ. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இதை ஒல்லியாக வெட்டிவிடுகிறார்கள், உலோகம் பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். ஊற்றுவாயில் நிற்கும் உலோகத்தின் கனம்தான் உள்ளே இருப்பதை மூலைமுடுக்குக்கெல்லாம் தள்ளுகிறது. அப்புறம், குழியின் ஓரங்களிலிருந்து மேல்நோக்கி ஊசியால் மெல்லிய கீறல்கள் நான்கைந்து போடுங்கள். உலோகம் உள்ளே வர வேண்டுமானால் காற்று வெளியே போக வழி வேண்டும்.

பொடியை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, இரு பாதிகளையும் இரும்புக் கம்பியால் கட்டி, காய்ந்த மணலில் நிமிர்த்தி நடுங்கள்.

வெள்ளீயத்தை ஒரு சிறிய எஃகுக் கரண்டியில் உருக்குங்கள். அந்தக் கரண்டி மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது. உருகியதும் மேலே படியும் சாம்பல்நிற ஏட்டைக் கம்பியால் ஒதுக்கினால் கீழே கண்ணாடி போல இருக்கும். நன்றாகக் காய்ந்த ஈர்க்குச்சி ஒன்றை நுனி மட்டும் நனையத் தொட்டுப் பாருங்கள். ஓரிரு விநாடியில் பழுப்பானால் ஊற்றலாம். தொட்டவுடன் கறுத்துப் புகைந்தால் சூடு அதிகம், கொஞ்சம் பொறுங்கள். ஊற்றும்போது தயங்காமல், நிறுத்தாமல், ஒரே ஒழுக்காக, ஊற்றுவாய் நிரம்பும்வரை ஊற்றுங்கள். நடுவில் நின்றால் அங்கே ஒரு மடிப்பு விழும்.

முடி கருகும் வாடை வரும், அது ஓட்டின் வாடை. பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிரித்தால், மாதிரியின் உருவத்தோடு ஓட்டின் அலையலையான வரிகளும் உலோகத்தில் பதிந்திருக்கும். இயற்கையே போட்ட கோலம் அது. நான் அதை ராவி எடுப்பதில்லை.

வார்ப்பு சரியாக வராதபோது

முதல் தடவை சரியாக வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன வார்ப்பை உடனே உருக்கிவிடாமல் கையில் வைத்துப் பாருங்கள். விளிம்புகள் உருண்டு பாதியில் நின்றிருந்தால் உலோகமோ அச்சோ குளிர்ந்திருந்தது, இல்லையென்றால் ஊற்றுவாய் ஒல்லி. ஒரு மூலை மட்டும் நிரம்பவில்லை என்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது, அடுத்த முறை அங்கிருந்து ஒரு கீறல் போடுங்கள். சுற்றிலும் மெல்லிய இறகு போல உலோகம் பிதுங்கியிருந்தால் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தவில்லை. மேற்பரப்பு குமிழ்களாக இருந்தால் ஈரம். தடித்த இடத்தில் குழி விழுந்திருந்தால், அந்த இடம் கடைசியாக உறைந்து சுருங்கியபோது இழுத்துக்கொள்ள உலோகம் கிடைக்கவில்லை. தடித்த பகுதிக்கு அருகிலேயே ஊற்றுவாய் வைத்தால் சரியாகும்.

இந்தக் காரணங்கள் அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் அப்படியே பொருந்தும். அதனால்தான் மலிவான சூட்டிலேயே இவற்றைப் படித்துவிடச் சொல்கிறேன்.

படி 3: மணல் அச்சில் அலுமினியம்

நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் மணல் அச்சில்தான் பிறக்கின்றன. காவிரிக்கரை வண்டல் மண்ணில் அச்செடுத்து, அடித்தட்டு, தண்டு, அகல், உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிச் சேர்ப்பார்கள். பெரிய பொருளைத் துண்டுகளாக யோசிக்கும் அந்த முறையை நாமும் பிடித்துக்கொள்ளலாம்.

நுண்மணலில் பத்தில் ஒரு பங்கு களிமண் பொடி கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் தடம் தெளிவாக நிற்க வேண்டும், உடைத்தால் உதிராமல் இரண்டு துண்டாக உடைய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இந்த மணலில் மட்டும் கொஞ்சம் ஈரம் உண்டு. துகள்களுக்கு நடுவே ஆவி வெளியேற வழி இருப்பதால் வெடிப்பதில்லை, ஆனால் அளவு மீறினால் இதுவும் வெடிக்கும்.

அடியும் மூடியும் இல்லாத இரண்டு மரப்பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி. மர மாதிரியைப் பலகையில் வைத்து, முகப்பவுடர் தூவி, கீழ்ப்பெட்டியில் மணலைச் சலித்துப் போட்டு இடித்து, புரட்டி, மறுபடி பவுடர் தூவி மேல்பெட்டியையும் அதேபோல் இடித்து நிரப்ப வேண்டும். மாதிரியின் பக்கங்கள் இலேசாகச் சரிந்திருந்தால்தான் மணலைப் பெயர்க்காமல் வெளியே வரும். ஆறும்போது அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 13 மி.மீ. சுருங்கும், அளவு முக்கியமென்றால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யுங்கள்.

உருக்குவதற்குக் கிராபைட் மூசை, அதாவது உலோகம் உருக்கும் கிண்ணம், வாங்குங்கள். இரும்புப் பாத்திரத்தை அலுமினியம் மெல்ல மெல்லத் தின்றுவிடும், ஒருநாள் அடி கழன்று கொட்டும். குளிர்பானக் கேன்களை உருக்கினால் பெரும்பகுதி கசடாகத்தான் வரும். பழைய வண்டிப் பிஸ்டன் போன்ற, ஏற்கெனவே வார்த்த பொருள்களே நன்றாக ஓடும். 700 முதல் 750 டிகிரிக்குள் ஊற்றுங்கள். தேவைக்குமேல் சூடாக்கினால் அலுமினியம் வாயுவை இழுத்துக்கொண்டு, உறையும்போது உள்ளே பஞ்சு போலத் துளைகள் விழும்.

படி 4: மெழுகு வார்ப்பு

இதற்காகத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை நிரப்பும் முறை. மொகஞ்சதாரோ நடன மங்கை இப்படிச் செய்யப்பட்டதுதான், உயரம் 10.5 செ.மீ. மட்டுமே. உங்கள் முதல் உருவமும் அந்த அளவைத் தாண்ட வேண்டாம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இதே முறையில் சிலை வார்க்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து உருவத்தின் அளவுகளைக் குறித்துக்கொள்வது அங்கே வழக்கம். சோழர் காலத்தைப் போலவே சிலைகளை உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக வார்க்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் செப்புத் திருமேனிகளைப் ‘பாதாதிகேசாந்தம்’, அதாவது பாதம் முதல் தலைமுடி வரை, இத்தனை முழம், இத்தனை விரல் என்று அளந்து எழுதி, ‘கனமாக’ச் செய்தது என்று குறித்திருக்கிறார்கள். பத்து நூற்றாண்டு கடந்தும் பட்டறையில் அதே சொல் புழங்குவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தப் படியைத் தொடங்கும் முன் ஒருமுறை அங்கே போய், அனுமதி கேட்டு, ஒரு வார்ப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது.

*மெழுகு.* தேன்மெழுகும் குங்கிலியப் பொடியும் சம அளவு, கொஞ்சம் கடலை எண்ணெய் என்று தொடங்குங்கள். சிறு தீயில் உருக்கி, துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். இந்தக் கலவை தீப்பற்றும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. சித்திரை வெயிலில் மெழுகு குழைந்தால் குங்கிலியத்தைக் கூட்டுங்கள், மார்கழியில் உடைந்தால் எண்ணெயைக் கூட்டுங்கள். செய்யும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

உருவம் முடிந்ததும் அதன் தடித்த பகுதியில் மெழுகுத் தண்டு ஒன்றை ஊற்றுவாயாகவும், காற்று சிக்கக்கூடிய இடங்களில் மெல்லிய தண்டுகளைக் காற்றுவழியாகவும் ஒட்டுங்கள். கணவாய் ஓட்டில் படித்ததுதான் இது. எல்லாம் சேர்த்து எடை போடுங்கள். பித்தளை மெழுகைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு எடை. மெழுகு 20 கிராம் என்றால் உலோகம் 180 கிராம், வாய் நிரம்ப இன்னும் கொஞ்சம். ஆகவே 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

*மண்.* முதல் பூச்சுதான் சிலையின் தோல். வண்டல் மண்ணை மெல்லிய துணியில் சலித்து, அரைத்த உமிக்கரியும் சாணமும் சேர்த்து, தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, தூரிகையால் ஒவ்வோர் இடுக்கிலும் காற்றுக்குமிழ் இல்லாமல் பூசுங்கள். உமிக்கரியும் சாணமும் சூட்டில் எரிந்து நுண்துளைகளை விட்டுப்போகும், வாயு அதன் வழியே வெளியேறும். நிழலில்தான் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி உருவம் கோணிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு வயல்மண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு, அதுவும் காய்ந்தபின் இரும்புக் கம்பி சுற்றி, மேலே கரடான மூன்றாம் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நாட்கணக்கில் பொறுமை வேண்டும். மேலே காய்ந்ததாகத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். நான் அச்சைத் தினமும் எடை போட்டு எழுதிவைப்பேன். இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால்தான் அடுத்த வேலை.

*சுடுதல்.* வரட்டித் தீயில் அச்சின் வாய் கீழே பார்க்கும்படி வைத்து, உருகிவரும் மெழுகைக் கீழே ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். மெழுகு நின்ற பிறகும் தீயைக் கூட்டி, அச்சின் உள்ளே இலேசாகச் சிவக்கும்வரை சுட வேண்டும். மிச்ச மெழுகு இருந்தால் உலோகம் கொப்புளித்து வெளியே எகிறும். பிறகு காய்ந்த மணலில் வாய் மட்டும் தெரியப் புதைத்து, அச்சு சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். ஆகவே உலோகம் உருகும் நேரமும் அச்சு சுட்டு முடியும் நேரமும் ஒன்றாக வர வேண்டும். தனியாளாக இதைச் செய்யாதீர்கள், ஒருவர் அச்சைப் பார்க்க, ஒருவர் உலையைப் பார்க்க என்று இருவர் வேண்டும்.

*உலோகம்.* பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். உலையில் வெள்ளைப் புகை எழுந்தால் துத்தநாகம் ஆவியாகிறது என்று அர்த்தம். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து உலையை நோக்கி வீசும்படி நில்லுங்கள், உலோகப் புகைக்கான முகமூடி அணியுங்கள். மூசையில் உலோகத்தின் மேல் கரித்தூளைத் தூவி, சிறிது வெண்காரம் போட்டால் புகையும் குறையும், கசடும் திரண்டு வரும். உருகி ஓடும் பதம் வந்ததும் கசடை ஒதுக்கி ஊற்றிவிடுங்கள், சூட்டை மேலும் ஏற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

முழுதாக ஆறும்வரை, முடிந்தால் மறுநாள்வரை, உடைக்காதீர்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றி விரிசல் விழுந்த வார்ப்பு ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

படி 5: முடிப்பு வேலை

மண்ணைத் தட்டி உடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்டுகளை ரம்பத்தால் வெட்டுங்கள். பிறகு முரட்டு அரம், நயமான அரம், உளி, கடைசியில் 220, 400, 800 என்று உப்புத்தாள். ஒரு தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். உள்ளங்கை அளவு உருவத்துக்கு இதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். பளபளப்புக்குப் புளியும் சாம்பலும் போதும்.

வெட்டியெடுத்த தண்டுகளையும் கெட்டுப்போன வார்ப்புகளையும் உலோகவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதுங்கள். வெள்ளீயமோ அலுமினியமோ ஒரு துண்டு தவறிப் பித்தளையில் விழுந்தால் அந்தக் கலவையின் குணமே மாறிவிடும். டப்பாக்களை மழைச்சாரல் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த வார்ப்பன்று அந்தத் துண்டுகளை எடுத்து, முதலில் உலையின் விளிம்பில் வைத்துச் சூடுகாட்டிய பிறகு மூசையில் போடுங்கள்.